ஊர் ஊராகப் பணம் வசூலித்து படம் எடுத்தவர். தமிழில் எடுத்தது ஒன்றே ஒன்று: யார் இந்த ஜான் ஆபிரஹாம்?

ஜான் ஆபிரஹாம் என்று கூகுளில் தட்டினால் முதலில் வருவது பாலிவுட் நடிகர்தான். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. நான்கே முழுநீளப் படங்கள் எடுத்துவிட்டு, 1987-ல் 49 வயதில் இறந்துபோன மலையாள இயக்குநர் ஜான் ஆபிரஹாமைப் பற்றியது. அந்த நான்கில் ஒன்று தமிழ்ப் படம். பெயர், 'அக்ரஹாரத்தில் கழுதை'.

ஒரு படத்துக்கு யார் பணம் போட வேண்டும், அதை யார் பார்க்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகள்தான் கடைசிவரை இவரை விரட்டின. இன்றைக்கு சுயாதீன சினிமா எடுக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கும் அதே கேள்விகள்தான்.

எல்.ஐ.சி-யில் இருந்து சினிமாவுக்கு

1937-ல் கேரளத்தில் பிறந்தவர் ஜான். பட்டப்படிப்பை முடித்ததும் எல்.ஐ.சி-யில் வேலை கிடைத்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் போஸ்டிங். மாதச் சம்பளம், நிரந்தர வேலை என்று செட்டில் ஆகியிருக்கலாம். அதை விட்டுவிட்டு புனே திரைப்படக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்.

1960-களின் நடுவில் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் அங்கே கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தார். ஜானை அதிகம் பாதித்தவர் அவர்தான். படிப்பு முடிந்ததும் மணி கௌலின் 'உஸ்கி ரொட்டி' படத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். 1972-ல் 'வித்யார்த்திகளே இதிலே இதிலே' என்ற மலையாளப் படத்தின் மூலம் இயக்குநரானார். அந்தப் படம் பெரிதாக எடுபடவில்லை. அடுத்த படத்துக்கு ஐந்து வருடம் ஆனது.

கழுதைக்கு அக்ரஹாரத்தில் என்ன வேலை?

அந்த அடுத்த படம்தான் 1977-ல் வந்த 'அக்ரஹாரத்தில் கழுதை'. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதினார். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன் இதற்கும் இசையமைத்தார். பேராசிரியர் நாராயணசாமியாக நடித்ததும் அவரே.

கதை சிம்பிள். தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி பேராசிரியரின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அவர் அதை வளர்க்கிறார். கல்லூரியில் கேலி கிளம்புகிறது. வேறு வழியில்லாமல், அக்ரஹாரத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே அதைப் பார்த்துக்கொள்பவள் உமா, வாய் பேச முடியாத வேலைக்காரப் பெண்.

ஊரில் என்ன தப்பு நடந்தாலும் பழி கழுதை மேல் விழுகிறது. உமாவுக்குக் குழந்தை இறந்தே பிறக்க, அந்தப் பிஞ்சு உடல் கோயில் அருகே போடப்படுகிறது. அதற்கும் கழுதைதான் காரணம் என்று சொல்லி ஊரே சேர்ந்து அதை அடித்துக் கொல்கிறது. அதற்குப் பிறகுதான் படம் இன்னும் கூர்மையாகிறது. ஊரில் சில நல்லது நடக்க, எல்லாம் செத்த கழுதையின் மகிமை என்று பேச்சு கிளம்புகிறது. அதற்குக் கோயில் கட்டவும் அதே ஊர் தயாராகிறது.

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸான் 1966-ல் ஒரு கழுதையை மையமாக வைத்து எடுத்த படம் ஜானுக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கழுதையை அக்ரஹாரத்துக்குள் கொண்டுவந்ததும் அது நம் ஊர்க் கதையாகிவிட்டது. எது தீட்டு, எது புனிதம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று படம் கேட்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். படத்தில் அதிகம் பாதிக்கப்படும் இரண்டு உயிர்களுக்கும் வசனமே கிடையாது. கழுதை பேசாது, உமாவால் பேச முடியாது. பேசுவதெல்லாம் ஊர்தான். கழுதையின் முகத்தில் சோகத்தை வரவழைக்க ஜான் எந்த முயற்சியும் செய்யவில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது. அதைப் பார்த்து ஊர் என்னென்ன கற்பனை செய்கிறது என்பதில்தான் படத்தின் நையாண்டி இருக்கிறது.

விருது கிடைத்தது, ஆடியன்ஸ்?

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ஆனால் பிராமணர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பும் வந்தது. பிற்காலத்தில் தூர்தர்ஷன் இதை ஒளிபரப்பத் திட்டமிட்டு, பிறகு பின்வாங்கியது. அதனால் படத்தைப் பார்த்தவர்களைவிட கேள்விப்பட்டவர்களே தமிழ்நாட்டில் அதிகம்.

1979-ல் குட்டநாட்டுப் பின்னணியில் 'செறியாச்சன்டே க்ரூர க்ருத்யங்கள்' எடுத்தார். அடூர் பாசி நடித்த அந்தப் படமும் பரவலாகப் போய்ச் சேரவில்லை. நல்ல படம் எடுப்பது பாதி வேலைதான், அதை மக்களிடம் கொண்டுபோவது மீதி என்பது ஜானுக்குப் புரிந்தது.

உண்டியல் குலுக்கி ஒரு சினிமா

அதற்கான பதில்தான் 'ஒடேசா'. 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய மக்கள் சினிமா இயக்கம். ஐசன்ஸ்டீனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே புரியும். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் சின்னச் சின்னத் தொகையாக நன்கொடை வாங்கினார்கள். 'க்ரவுட் ஃபண்டிங்' என்ற வார்த்தையெல்லாம் அப்போது புழக்கத்திலேயே இல்லை.

அந்தப் பணத்தில் உருவானதுதான் 1986-ல் வந்த 'அம்ம அறியான்'. ஆராய்ச்சிக்காக டெல்லி கிளம்பும் புருஷன் என்ற இளைஞன், வழியில் தூக்கில் தொங்கிய ஓர் உடலைப் பார்க்கிறான். எங்கேயோ பார்த்த முகம். விசாரித்தால், அது தபேலா வாசிக்கும் ஹரி. கொச்சியில் இருக்கும் அவனுடைய அம்மாவுக்குச் செய்தி சொல்லியாக வேண்டும். புருஷன் டெல்லிப் பயணத்தை விட்டுவிட்டுத் தெற்கே நடையைக் கட்டுகிறான். போகும் வழியில் ஹரியின் நண்பர்கள் ஒவ்வொருவராக, தங்கள் அம்மாக்களிடம் சொல்லிவிட்டுச் சேர்ந்துகொள்கிறார்கள்.

புருஷன் தன் அம்மாவிடம் சொல்லும் கடிதம் போலத்தான் மொத்தப் படமும். நடுநடுவே கேரளத்தின் போராட்டக் காட்சிகள் ஆவணப்படம் போல வருகின்றன. எது கதை, எது நிஜம் என்று பிரிப்பது கஷ்டம். வேணுவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில், ஒருவனாகக் கிளம்பியவன் ஒரு கூட்டமாக வந்து சேர்வதைப் பார்க்கலாம். அந்தப் படத்துக்கான பணமும் அப்படித்தான் சேர்ந்தது. 'கழுதை'யில் கொலை செய்த கூட்டம், இங்கே ஒரு தாயின் துக்கத்தைப் பங்குபோட வருகிறது.

படத்தை விழுங்கிய கதைகள்

அந்தப் படம் வந்த மறு வருடமே, 1987 மே மாத இறுதியில், கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் இறந்தார். குடிப்பழக்கம், நிலையான வீடில்லாத வாழ்க்கை, நண்பர்களின் தயவில் ஓடிய நாட்கள் என்று அவரைச் சுற்றி ஏராளமான கதைகள் உண்டு. கேரளத்தில் இன்றும் படங்களைவிட அந்தக் கதைகள்தான் அதிகம் சொல்லப்படுகின்றன. குடியை ரொமான்டிசைஸ் செய்யும் அந்தப் பேச்சில், ஒடேசாவுக்காக அவரும் நண்பர்களும் போட்ட உழைப்பு காணாமல் போய்விடுகிறது.

ஒடேசா மாடலில் இரண்டாவது படத்தை ஜானால் எடுக்க முடியவில்லை. மக்கள் பணத்திலேயே ஒரு இயக்குநர் தொடர்ந்து படம் எடுக்க முடியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு முறையாவது முடியும் என்பதற்கு 'அம்ம அறியான்' சாட்சி.

இறந்த பிறகு கோயில் கட்டும் ஊரைப் பற்றிப் படம் எடுத்தவர் அவர். அவருக்குச் செய்யும் மரியாதை, அந்தப் படங்களைத் தேடிப் பார்ப்பதுதான். தமிழ் ரசிகர்கள் 'அக்ரஹாரத்தில் கழுதை'யில் இருந்து ஆரம்பிக்கலாம்.