சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஆபரேஷன்... யார் இந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதியோ, ஆலையில் உயரத்திலிருந்து விழுந்தோ முதுகுத்தண்டில் பலமாக அடிபட்டால், இடுப்புக்குக் கீழே செயலிழந்து போகலாம். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தாச்சு. அதுக்கப்புறம்? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையிலேயே பதில் கண்டவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

ஒரே நாளில் மாறிய வாழ்க்கை

1925-ல் கேரளாவின் கொச்சியில் பிறந்தவர் மேரி. வேலூர் சிஎம்சி-யில் மருத்துவம் படித்து, அங்கேயே மகப்பேறு பிரிவில் வேலை பார்த்தார். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வெளியே கிளம்பினார். போன வண்டி வழியில் கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டும் அடிபட்டதால் இரண்டு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

கை இருக்கே!

டாக்டர் வாழ்க்கை முடிந்தது என்றுதான் மேரியும் நினைத்தார். ஆனால், அதே மருத்துவமனையில் இருந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். தொழுநோயால் முடங்கிய கைகளைச் சரிசெய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். அதற்குக் கால் எதற்கு? மேரி அதைக் கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்யத் தொடங்கினார்.

பெர்த் முதல் நியூயார்க் வரை

அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தார். யார் துணையும் இல்லாமல் அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, உடம்பின் எடை மொத்தத்தையும் கைகள்தான் தூக்க வேண்டும். உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் வராமலிருக்க, அடிக்கடி கையை ஊன்றி உடம்பை உயர்த்த வேண்டும். ஆக, தோளுக்கும் கைக்கும் வலு சேர்ப்பது அழகுக்காக இல்லை, அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் வாழ்வதற்காக.

உலகம் முழுக்க இந்த எண்ணம் பரவிய காலம் அது. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டேவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், 1948-ல் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான்.

மேரி அங்கேயும் நிற்கவில்லை. நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்துக்குப் போய், மறுவாழ்வு மருத்துவம் படித்தார்.

வேலூரில் என்ன செய்தார்?

1963-ல் சிஎம்சி-யில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கியே பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. பயிற்சி கொடுக்கும் டாக்டரே சக்கர நாற்காலியில் வருகிறார் என்றால், அங்கே படுத்திருப்பவருக்கு வேறு என்ன தைரியம் வேண்டும்? 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.

வடசென்னைக்கு என்ன பாடம்?

மருத்துவமனையில் கற்ற பயிற்சி, வீட்டுக்கு வந்ததும் நின்றுபோனால் வலுவும் குறையத் தொடங்கிவிடும். அதனால்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சிக்கு இடம் வேண்டும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உள்ள ஒரு ஜிம், சக்கர நாற்காலியில் வருபவரையும் சேர்த்துக்கொள்ளப் பெரிய செலவு தேவையில்லை. வாசலில் படிக்குப் பதில் சாய்தளம், கருவிகளுக்கு நடுவே நாற்காலி திரும்பும் அளவு இடம், உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் டம்பெல்கள், இழுத்துப் பயிற்சி செய்ய ரப்பர் பட்டை, நாற்காலி நுழையும் அகலத்தில் கழிவறைக் கதவு. இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

சக்கரத்தைத் தள்ளித் தள்ளியே தோள் தேய்ந்துபோகும் என்பதால், பின்பக்கத் தசைகளுக்கான இழுக்கும் பயிற்சி ரொம்ப முக்கியம். எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.