இருதயத்தின் கோடுகளைப் படித்த ஐந்தோவன்

நமது காலனியில் நாற்பது வயதைத் தாண்டியோரில் ஈ.ஸி.ஜி. எடுத்துக்கொள்ளாதவர் அரியர். கையில் தரப்படும் காகிதத்தின் மேடுபள்ளங்களுக்கு முதலில் பெயரிட்டவர் யாரென்று நம்மில் அநேகர் வினவியதில்லை.

வில்லெம் ஐந்தோவன் 1860-ஆம் ஆண்டில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவின் ஸெமராங் நகரில், ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். தந்தை அகாலத்தில் மறையவே, தாயார் ஆறு குழந்தைகளுடன் 1870-இல் ஹாலந்து சென்று உட்ரெக்டில் குடியேறினார். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவ்வம்மையின் பாடு சொல்லாமலே விளங்கும். மகனோ வைத்தியம் பயின்று, இருபத்தைந்து வயதிலேயே லெய்டன் ஸர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

இருதயம் ஒவ்வொரு முறை துடிக்குமுன்னும் அதில் நுண்ணிய மின்சாரம் எழுகிறது. தோலின்மீது அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கேயாகும். 1887-இல் லண்டனில் வாலர் என்பவர் பாதரசக் கருவியால் அதைப் பதிவு செய்தார். பாதரசம் மந்தமாக அசைந்ததால் கோடு தெளிவுபடவில்லை. ஐந்தோவன் 1901-இல் வேறொரு கருவியை வெளியிட்டார். வலிய மின்காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்று தொங்கும். தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. மின்சாரம் பாய்ந்தால் இழை அசையும். அதன் நிழல் பெரிதாக்கப்பட்டு, நகரும் போட்டோத் தகட்டில் விழும். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐவர் வேண்டும்! நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தியிருப்பார்.

இத்தனை பாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்? 1905-இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் டெலிபோன் கம்பி வழியே நோயாளியின் இருதயத் துடிப்பைத் தம் ஆராய்ச்சிச்சாலைக்கே வரவழைத்தார். தந்தியும் டெலிபோனுமாகவே ரயில்வேயில் காலங்கழித்த நாம் இதைப் படித்து வியந்தோம்.

பி என்னும் சிறுமேடு மேலறைகளின் கிளர்ச்சி. க்யூ, ஆர், எஸ் கீழறைகளுடையது. டி அவை மீண்டும் தயாராகும் நிலை. தாளந்தவறுதல், மின்வழியில் தடை, தசைக்கு நேர்ந்த சேதம் ஆகியன இவற்றால் புலப்படும். ஆயினும் காகிதம் காட்டுவது அந்தச் சில விநாடிகளையே. இரத்தக் குழாய் அடைபட்டு வரினும், ஓய்வாகப் படுத்திருக்கையில் கோடு சரியாகவே இருக்கக்கூடும். நம் வரிசை வீட்டு நண்பரொருவர், கோடுகள் சரியென்ற தைரியத்தில், அடுத்த மாதம் வந்த மார்வலியை வாயு என்று ஒதுக்கினார். இவ்வாண்டு விழாவில் அவர் இல்லை.

ஐந்தோவனுக்கு 1924-இல் நோபெல் பரிசு கிட்டியது. பரிசுச் சொற்பொழிவில், இக்கருவியை நோயாளிகளிடம் பயன்படுத்தி வளர்த்த லண்டன் வைத்தியர் தாமஸ் லூயிஸை அவர் நன்றியோடு குறிப்பிட்டார். 1927-இல் லெய்டனிலேயே காலமானார்.