கார்களுக்குப் பெயர் கொடுத்த பந்தய வீரர்

செவர்லே என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களில் பொறிக்கப்பட்ட பெயர் அது. 1928-ம் ஆண்டில் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, நம் நாட்டுச் சாலைகளிலும் அந்தப் பெயர் தாங்கிய கார்களும் லாரிகளும் ஓடின.

ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

இத்தனை கார்களுக்குப் பெயர் கொடுத்தவர் கோடீசுவரராக வாழ்ந்திருப்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மை அப்படி அல்ல. தம் பெயரில் நடந்த தொழிற்சாலையிலேயே, வயதான காலத்தில், கூலிக்கு வேலை செய்தவர் அவர்.

அவர் யார்? அந்தப் பெயர் எப்படிக் கைமாறியது?

கடிகாரக்காரர் மகன்

லூயி செவர்லே 1878-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, சுவிட்சர்லாந்தில் பிறந்தார். தகப்பனார் கடிகாரத் தொழிலாளி. வருமானம் போதவில்லை. குடும்பம் பிரான்சு நாட்டில் உள்ள போன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

லூயி அங்கே சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சைக்கிள் பழுது பார்ப்பார். விடுமுறை நாளில் சைக்கிள் பந்தயத்தில் ஓடுவார். பல பரிசுகள் பெற்றார்.

பிறகு பாரிசுக்குப் போய்க் கார் என்ஜின் வேலையைக் கற்றுக்கொண்டார். 1900-ம் ஆண்டில் கப்பல் ஏறிக் கனடா போனார். அங்கிருந்து நியூயார்க் சென்றார். பின்னர் தம்பிகள் ஆர்தர், காஸ்தோன் இருவரும் அமெரிக்கா வந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு மைல், 53 வினாடி

1905-ம் ஆண்டில் லூயி முதன்முதலாகப் பெரிய கார் பந்தயத்தில் இறங்கினார். ஒரு மைல் தூரத்தை 53 வினாடிகளுக்குள் கடந்தார். அப்போது அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றிருந்த பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற வீரரையே தோற்கடித்தார்.

ஒரே நாளில் அவர் பெயர் பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஆறடி ஆள். பெரிய மீசை. பயம் என்பதே தெரியாத ஓட்டம். மக்கள் அவரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைக் கவனித்த ஒருவர் உண்டு. அவர்தான் வில்லியம் டுரான்ட். குதிரை வண்டி செய்து விற்றுப் பணக்காரர் ஆனவர். பியூக் கார் கம்பெனியை நடத்தி வந்தார். 1908-ம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்.

பந்தயத்தில் ஜெயிக்கிற காரை மக்கள் கடைக்கு வந்து கேட்டு வாங்குவார்கள் என்பது டுரான்டின் கணக்கு. அதற்காக அண்ணன் தம்பி இருவரையும் ஓட்டிக் காட்டச் சொன்னாராம். லூயி பறந்தார். ஆர்தர் நிதானமாக ஓட்டினார். டுரான்ட் லூயியைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டு, ஆர்தரைத் தம் சொந்தக் காருக்கு டிரைவராக வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கணக்குப் பலித்தது. 1909-ல் இந்தியானா மாநிலத்தில் நடந்த கோப் கோப்பைப் பந்தயத்தில் லூயி ஓட்டிய பியூக் கார் முதலாவதாக வந்தது.

பெயர் வேண்டும்!

1910-ம் ஆண்டில் டுரான்டுக்குக் கஷ்ட காலம். கடன் மிகுந்தது. பாங்கிக்காரர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தை அவரிடம் இருந்து பறித்துவிட்டார்கள்.

டுரான்ட் சோர்ந்துவிடவில்லை. புதுக் கம்பெனி தொடங்கத் திட்டமிட்டார். அதற்கு ஊரறிந்த பெயர் வேண்டும். லூயியைக் கூப்பிட்டார். 1911-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி செவர்லே மோட்டார் கார் கம்பெனி பிறந்தது.

முதல் காரை லூயி ஆசை ஆசையாக உருவாக்கினார். ஆறு சிலிண்டர். கனத்த, உறுதியான, வேகமான கார். ஆனால் விலை 2 ஆயிரம் டாலருக்கு மேல்! ஃபோர்டு காரின் விலையோ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

டுரான்ட் மலிவான கார் விற்க விரும்பினார். லூயிக்கு அது பிடிக்கவில்லை. தம் பெயர் உள்ள கார் உயர்ந்த காராக இருக்கவேண்டும் என்று வாதாடினார்.

சண்டை முற்றியதற்கு ஒரு சின்ன விஷயமும் காரணம் என்பார்கள். லூயியின் வாயில் எப்போதும் சிகரெட் தொங்கும். அது முதலாளிக்கு அழகல்ல, சுருட்டுப் பிடியுங்கள் என்றாராம் டுரான்ட். லூயிக்குக் கோபம் வந்துவிட்டது. காரையும் பெயரையும் கொடுத்தேன், சிகரெட்டைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

1913-ம் ஆண்டில் லூயி வெளியேறினார். தம் பங்குகளையும் விற்றுவிட்டார். பெயர் கம்பெனியிடமே தங்கிவிட்டது.

490 டாலர்

பெயர் கையில் இருந்தது. டுரான்ட் தாம் நினைத்த காரைச் செய்தார். அதன் விலை 490 டாலர். அந்த விலையையே காருக்குப் பெயராக வைத்தார்! செவர்லே 490 அமோகமாக விற்றது. செவர்லே பங்குகளின் பலத்தைக் கொண்டு 1916-ல் ஜெனரல் மோட்டார்சையே டுரான்ட் திரும்பப் பிடித்தார். 1918-ல் செவர்லே அதன் ஒரு பகுதி ஆயிற்று.

பங்குகளை விற்காமல் இருந்திருந்தால் லூயி பெரும் செல்வர் ஆகியிருப்பார்.

அவர் மீண்டும் பந்தயக் கார் செய்யத் தொடங்கினார். தம் பெயரை அதற்கு வைக்க வழியில்லை. ஃபிரான்டனாக் என்று பெயர் சூட்டினார்.

1920-ம் ஆண்டில், இந்தியானாபொலிஸ் நகரில் நடக்கும் புகழ்பெற்ற 500 மைல் பந்தயத்தில், அவர் செய்த காரை ஓட்டிக் கடைசித் தம்பி காஸ்தோன் வெற்றி பெற்றார். 1912-க்குப் பிறகு அமெரிக்கக் கார் ஒன்று அதில் ஜெயித்தது அதுவே முதல் தடவை.

அந்த மகிழ்ச்சி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் மாதம் கலிபோர்னியாவில் நடந்த பந்தயத்தில் கார் மோதிக் காஸ்தோன் இறந்தார்.

மறு ஆண்டு லூயியின் கார் மீண்டும் இந்தியானாபொலிசில் ஜெயித்தது. புகழ் வந்தது, பணம் வரவில்லை.

பிறகு அவர் சாதாரண ஃபோர்டு காரின் வேகத்தைக் கூட்டும் என்ஜின் பாகங்களைச் செய்து விற்றார். ஏழைப் பந்தயக்காரர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். 1923-ல் அப்படி மாற்றிய ஃபோர்டு கார் ஒன்று, விலை உயர்ந்த கார்களோடு போட்டியிட்டு, 500 மைல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது.

பழைய வாசல்

அடுத்து விமான என்ஜின் தொழிலில் இறங்கினார். அதுவும் நஷ்டம். ஆர்தரோடும் மனத்தாங்கல் ஏற்பட்டது. 1929-ல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் தாக்கியது. கைப்பணம் கரைந்தது.

1930-களில் லூயி பழைய வாசலுக்கே போனார். செவர்லே தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை! வாசலில் அவர் பெயர்; உள்ளே அவர் கூலியாள்.

பிறகு உடல்நலம் கெட்டது. 1941-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, தமது 62-வது வயதில் காலமானார். தம்பி காஸ்தோன் துயிலும் அதே இந்தியானாபொலிஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

டுரான்டாவது சுகமாக வாழ்ந்தாரா? இல்லை. அவரும் பங்குச் சந்தையில் எல்லாவற்றையும் இழந்து 1936-ல் திவாலானார். 1947-ல் இறந்தார்.

வேகம் விற்பனைக்கு

லூயி இறந்து 20 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் புது அலை அடித்தது. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கார் ஓட்டும் வயதை எட்டினார்கள். அவர்கள் கேட்டது வேகம்.

1964-ல் ஜெனரல் மோட்டார்சின் பான்டியாக் பிரிவு, நடுத்தரக் காரில் பெரிய என்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றது. முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்துக்கு மேல் விற்றது. இத்தகைய கார்களுக்கு மசில் கார் என்று பெயர் வந்தது. பயில்வான் கார் என்று நாம் சொல்லலாம்.

செவர்லே பிரிவும் சும்மா இருக்கவில்லை. செவெல் எஸ்.எஸ். 396 வந்தது. 1966-ல் கமேரோ வந்தது. 1970-ல் வந்த செவெல் 454-ன் உச்ச சக்தி 450 குதிரைச் சக்தி!

இந்த எண்கள் என்ன? என்ஜினின் கன அங்குல அளவு. 1915-ல் விலையைப் பெயராக்கி விற்றார்கள். 1960-களில் என்ஜின் அளவைப் பெயராக்கி விற்றார்கள்.

பென்சில்வேனியாவில் டான் யென்கோ என்ற செவர்லே விற்பனையாளர் இருந்தார். அவரும் பந்தய வீரர். கமேரோவில் இன்னும் பெரிய என்ஜினைப் பொருத்தி, யென்கோ கமேரோ என்று தம் பெயரிலேயே விற்றார். பந்தய வீரரின் பெயர் காரை விற்கும் என்ற டுரான்டின் பழைய கணக்கு மறுபடியும் பலித்தது.

இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1970-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. பயில்வான் கார்களின் காலம் முடிந்தது.

சாதாரணக் காரை வேகக் காராக்கி எளியவருக்கு விற்பதை லூயி 1920-களிலேயே செய்துவிட்டார். ஆனால் அப்போது அவர் பெயர் அவரிடம் இல்லை.

உழைப்பை ஒருவர் மறுபடியும் சம்பாதித்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த பெயரை மீட்பது எளிதல்ல. லூயி செவர்லேயின் பெயர் இன்றும் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்காக அல்ல.