பைக்கைப் பிரித்துப் போட்ட ஓட்டல் சர்வர்... யார் இந்த ஜி.டி.நாயுடு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் பக்கமோ ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பலருக்கு இந்த ஆசை இருக்கும். வாரம் முழுக்க யாருடைய வண்டிக்கோ பார்ட்ஸ் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நம்ம காரை ஷெட்டில் நிறுத்தி நாமே பிரித்துப் பார்த்தால் என்ன? கூடவே ஒரு பயமும் வரும். பிரித்துவிட்டுத் திரும்ப மாட்ட முடியாவிட்டால்?

நூறு வருஷங்களுக்கு முன்பே அந்தப் பயத்தைத் தாண்டியவர், கோவை ஜி.டி.நாயுடு.

சம்பளம் சேர்த்து வாங்கிய வண்டி

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23-ம் தேதி கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அம்மாவைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை, படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது.

இளைஞரானபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு, குதிரை இல்லாமல் ஓடும் வண்டி! வாங்கியே ஆக வேண்டும், ஆனால் கையில் காசில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் 3 வருஷம் சம்பளத்தைச் சேமித்து, மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? பிரித்துப் போட்டார். பிறகு தானே திரும்ப மாட்டினார்.

இன்று ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு இன்ஜினில் எது எதோடு சேர்ந்து இயங்குகிறது என்பதைக் கையால் தொட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதுவே அவரை மெக்கானிக் ஆக்கியது.

பஸ், மோட்டார், ரேடியோ

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கோவையில் கொண்டுவந்தார். மோட்டார், பம்புக்குப் பேர்போன ஊராகக் கோவை மாறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எலெக்ட்ரிக் ரேஸர், 1941-ல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ என்று பட்டியல் நீள்கிறது.

கிடைக்காமல் போன லைசென்ஸ்

1952-ல் 2 பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை சுமார் 2,000 ரூபாய். ஆனால் அது மார்க்கெட்டுக்கு வரவே இல்லை. எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரிக்கலாம் என்பதை அரசு லைசென்ஸ் மூலம் முடிவு செய்த காலம் அது. நாயுடுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது 1998-ல். நடுவே 46 வருஷங்கள்!

அதற்கு முன்பே கல்வியிலும் ஒரு தோல்வியைப் பார்த்திருந்தார். 1945-ல் அவர் கொடுத்த நன்கொடையில் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வரும் அவர்தான். இன்ஜினீயரிங் படிக்க 4 வருஷம் எதற்கு, 2 வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. எனப்படும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974 ஜனவரி 4-ம் தேதி நாயுடு காலமானார்.

நமக்கு என்ன?

இன்றைய காரில் சென்சாரும் சாஃப்ட்வேரும் அதிகம். எல்லாவற்றையும் வீட்டு ஷெட்டில் சரிசெய்துவிட முடியாதுதான். ஆனால் நாயுடு முதலில் பிரித்தது அடுத்தவர் வண்டியை இல்லை; 3 வருஷச் சம்பளத்தில் வாங்கிய சொந்த வண்டியை. மாட்டத் தெரியாமல் போயிருந்தால் அத்தனையும் வீண். அது தெரிந்தேதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.