ஃபோர்டு வாய்ப்பை வேண்டாம் என்றவர்: ஏஜென்சிக்கும் கிளையண்டுக்கும் எப்போது ஒத்துப்போகும்? டேவிட் ஓகில்வியின் கதை

விளம்பர ஏஜென்சியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு பெரிய கம்பெனி பிட்ச்சுக்குக் கூப்பிடுகிறது. அந்த வேலை கிடைத்தால் ஏஜென்சியின் வியாபாரம் ஒரே அடியில் இரட்டிப்பாகும். யாராவது வேண்டாம் என்பார்களா?

1950களில் நியூயார்க்கில் ஒருவர் சொன்னார். ஃபோர்டு நிறுவனம் எட்செல் என்ற புதிய காரைக் கொண்டுவரத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் விளம்பர வேலைக்குப் பரிசீலனையில் இருந்த ஏஜென்சிகளில் டேவிட் ஓகில்வியின் ஏஜென்சியும் ஒன்று. வேலை கிடைத்தால் தன் மொத்த வியாபாரத்தில் பாதி ஃபோர்டிடமிருந்தே வரும் என்பதைப் பார்த்த ஓகில்வி, போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். வருமானத்தில் பாதியைத் தருபவரிடம் மனதில் பட்டதை அப்படியே சொல்ல முடியாமல் போகும் என்பது அவர் கவலை.

ஏஜென்சிக்கும் கிளையண்டுக்கும் இடையிலான பொருத்தம் என்றால் இருவரும் சிரித்துப் பேசிப் பழகுவது மட்டும்தானா? ஓகில்வியின் வாழ்க்கை வேறு ஒரு பதிலைத் தருகிறது.

யார் இந்த ஓகில்வி?

1911 ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தார். உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனவர், 1931இல் பட்டம் வாங்காமலேயே வெளியேறினார். பிறகு பாரிஸில் மெஜெஸ்டிக் ஹோட்டலின் சமையலறையில் வேலை. அதன்பின் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் ஆகா என்ற சமையல் அடுப்பை விற்றார்.

அந்த அடுப்பை எப்படி விற்பது என்று சக விற்பனையாளர்களுக்காக 1935இல் ஒரு கையேடு எழுதினார். அதுதான் அவரை லண்டனில் அண்ணன் ஃபிரான்சிஸ் வேலை பார்த்த மேதர் அண்ட் க்ரௌதர் ஏஜென்சிக்குள் கொண்டுபோனது.

1938இல் அமெரிக்கா போனார். கருத்துக்கணிப்புகளுக்குப் பெயர்போன ஜார்ஜ் கேலப்பிடம் வேலை பார்த்தார். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஊகிக்காமல், கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை. போர் முடிந்ததும் பென்சில்வேனியாவில் கொஞ்ச காலம் விவசாயம்.

1948இல், 37 வயதில், பிரிட்டிஷ் ஏஜென்சிகளின் ஆதரவோடு நியூயார்க்கில் சொந்த ஏஜென்சியைத் தொடங்கினார். அப்போது அவர் கணக்கில் இருந்தது 6,000 டாலர்.

சின்ன பட்ஜெட், பெரிய நம்பிக்கை

ஆரம்பத்தில் வந்த கிளையண்டுகளில் ஒன்று ஹாத்தவே. மெய்ன் மாநிலத்தில் இருந்த, வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாத பழைய சட்டை கம்பெனி. விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை வெறும் 30,000 டாலர். ஆனால் அதன் தலைவர் எல்லர்டன் ஜெட் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தார். ஏஜென்சியை ஒருபோதும் நீக்க மாட்டார். எழுதிக் கொடுப்பதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டார்.

கொஞ்சம் மாத்திக் கொடுங்க என்று நாளுக்கு நான்கு மெயில் வாங்குபவர்களுக்கு இது கனவு மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருத்த ஆள் இல்லை என்றால், விளம்பரம் சொதப்பினால் கிளையண்ட் மேல் பழி போடவும் முடியாது. முழுப் பொறுப்பும் எழுதுபவர் தலையில்தான்.

1951இல் படப்பிடிப்புக்குப் போகும் வழியில் ஓகில்வி ஒரு கடையில் கறுப்புக் கண்பட்டை வாங்கிக்கொண்டார். மாடலின் ஒரு கண்ணில் அதைக் கட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். யார் இந்த மனிதர், கண்ணுக்கு என்ன ஆச்சு என்று படிப்பவர்கள் யோசித்தார்கள். ஊர் பேர் தெரியாத சட்டை கம்பெனி அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. வழக்கமாகப் பல மேசைகளைத் தாண்டிப் போகும் விளம்பரமாக இருந்தால், அந்தக் கண்பட்டை எந்த மேசையிலாவது கழன்று விழுந்திருக்கும்.

முதலில் பொருளைப் படி

ரோல்ஸ் ராய்ஸ் வேலை வந்தபோது, ஓகில்வி மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தார். வேகமாகப் போகும்போதும் காருக்குள் கடிகாரச் சத்தம்தான் தூக்கலாகக் கேட்கும் என்ற தகவல் அப்படித்தான் கண்ணில் பட்டது. 1958இல் வந்த அந்த விளம்பரத்தின் தலைப்பே அதுதான். உட்கார்ந்து படிக்காத ஒருவருக்கு அது கிடைத்திருக்காது.

தன் கிளையண்டுகள் தயாரிக்கும் பொருட்களைத் தானே வாங்கிப் பயன்படுத்துவதும் அவர் வழக்கம். நம்பாத பொருளை நன்றாக விற்க முடியாது என்று நினைத்தார். அதனால்தான், குறைபாடுள்ள கார்கள் அமெரிக்காவுக்கு வருவதாகத் தெரிந்தபோது, அவ்வளவு புகழ் தேடித்தந்த ரோல்ஸ் ராய்ஸையே விட்டு விலகினார்.

15 சதவீதம் என்ற சிக்கல்

அந்தக் காலத்தில் ஏஜென்சிகளின் வருமானம் கமிஷன்தான். கிளையண்ட் பத்திரிகையில் 100 டாலருக்கு விளம்பரம் கொடுத்தால், ஏஜென்சிக்கு 15 டாலர். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஏஜென்சி பட்ஜெட்டைக் கூட்டுங்கள் என்று சொன்னால், அது உண்மையிலேயே நமக்காகவா, அவர்கள் கமிஷனுக்காகவா என்ற சந்தேகம் கிளையண்டுக்கு வரத்தானே செய்யும்?

1960இல் ஷெல் எண்ணெய் நிறுவனம் ஓகில்வியிடம் வந்தபோது, கமிஷனுக்குப் பதில் நிர்ணயித்த கட்டணம் என்று பேசிக்கொண்டார்கள். இப்படி வைத்தால், செலவைக் குறைக்கச் சொன்னாலும் ஏஜென்சிக்கு நஷ்டம் இல்லை. கூட்டச் சொன்னாலும் கிளையண்டுக்குச் சந்தேகம் இல்லை. பெரிய ஏஜென்சிகள் பலவற்றுக்கு அப்போது இது பிடிக்கவில்லை. இன்று மாதக் கட்டணம் சாதாரண விஷயம்.

கிளையண்டுக்கும் கடமை உண்டு

1963இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில், நல்ல கிளையண்டாக இருப்பது எப்படி என்பதற்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். சாரம் இதுதான்: ஏஜென்சியைப் பயத்தில் வைத்திருக்காதீர்கள். தேவையான தகவலை ஒளிக்காமல் கொடுங்கள். விளம்பரத்தைப் பல அடுக்கு அதிகாரிகளிடம் அனுப்பி நீர்த்துப்போக விடாதீர்கள். ஏஜென்சிக்கும் லாபம் கிடைக்கிறதா என்று பாருங்கள். நஷ்டத்தில் வேலை செய்பவர் தன் திறமையான ஆட்களை உங்கள் வேலையில் போட மாட்டார்.

கடைசியில் என்ன ஆனது?

எட்செல் 1957இல் வந்தது. படுதோல்வி அடைந்து 1959இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஓகில்வி தோல்வியை முன்கூட்டியே கணித்து விலகவில்லை. கார் ஓடியிருந்தாலும் அவர் சொன்ன காரணம் மாறியிருக்காது.

அவருடைய ஏஜென்சி 1966இல் பங்குச்சந்தைக்குப் போனது. அவர் 1970களில் பிரான்ஸில் உள்ள தூஃபூ கோட்டையில் குடியேறினார். 1980களில் திரும்பவும் வேலைக்கு வந்து, சில காலம் இந்திய நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். நம் வீடுகளில் பேசப்பட்ட ஃபெவிகால், கேட்பரி விளம்பரங்கள் பலவும் அந்த நிறுவனத்தில் உருவானவை.

1989இல் டபிள்யூபிபி குழுமம் 86.4 கோடி டாலருக்கு அவருடைய நிறுவனத்தைக் கைப்பற்றியது. ஓகில்வி கடுமையாக எதிர்த்தார். பயனில்லை. எந்தக் கிளையண்டும் தன்னை ஆட்டிவைக்க முடியாதபடி பார்த்துக்கொண்டவர், பங்குச்சந்தையிடம் தோற்றார். பின்னர் சமாதானமாகி, டபிள்யூபிபியின் நிர்வாகப் பொறுப்பு இல்லாத தலைவராக மூன்று ஆண்டுகள் இருந்தார். 1999 ஜூலை 21 அன்று, 88 வயதில், தூஃபூவில் காலமானார்.

அடுத்த பிட்ச்சுக்கு முன்

ஓகில்வியின் அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு கிளையண்ட் போய்விட்டால் அடுத்த மாதச் சம்பளம் போட முடியுமா? நாம் கொடுக்கும் வேலையை எத்தனை பேர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும்? நமக்குப் பணம் வரும் விதம், நேர்மையாகப் பேச விடுமா?

நீங்கள் ஏஜென்சியில் இல்லாமல் கிளையண்ட் பக்கம் உட்கார்ந்திருந்தாலும், இதே கேள்விகளைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஏஜென்சி கடைசியாக எப்போது உங்களிடம் முடியாது என்று சொன்னது? அப்படி ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை என்றால், அடுத்த மீட்டிங்கில் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.