தூரத்தைக் குறைத்த உழவர் மகன்

குறிஞ்சாக்கேணி மக்களுக்குத் தூரம் என்பதன் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கண்ணெதிரே தெரியும் அக்கரைக்கும் தாம் நிற்கும் இக்கரைக்கும் இடையே கிடக்கும் நீர் எத்துணைப் பெரிய தூரம் என்பதை 2021 நவம்பர் 23 ஆம் திகதி அவர்கள் கண்டார்கள். பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதிய பாலம் எழுந்துகொண்டிருந்த நாள்களில் மக்களை ஏற்றி இறக்கிய படகுப் பாதை அன்று காலை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட சிறார்களும் அதில் மாண்டனர். பள்ளிக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள தூரம் குறையும் வரை ஒரு கிராமம் அதற்கு விலை கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. சில வேளைகளில் தன் பிள்ளைகளையே கொடுக்கிறது.

இத்தூரத்தைக் குறைப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்க நாட்டு ஹென்றி போர்ட். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். அப்பெருமை ஜெர்மானியருக்கு உரியது. செல்வர் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியை உழவன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்ததே அவர் செய்த பணி. ஊர்களுக்கிடையே இருந்த தூரத்தை இவ்வளவு குறைத்த மனிதர், தம்மை அண்டி நின்ற மனிதரிடமிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போனார் என்பதும் அவர் வரலாற்றின் ஒரு பகுதியே. இரண்டையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவ்வரலாறு நிறைவு பெறாது.

கடிகாரமும் நீராவி வண்டியும்

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ரோயிற் நகருக்கு அருகே, பின்னர் டியர்போர்ன் எனப் பெயர் பெற்ற பகுதியில், ஓர் உழவர் குடும்பத்தில் 1863 ஜூலை 30 ஆம் திகதி ஹென்றி பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து 1847 இல் குடிபெயர்ந்து வந்தவர். மூத்த மகன் ஏரைப் பிடிப்பான் என்று தந்தை நம்பினார். மகனோ ஏரை விட அதன் திருகாணிகளையே மிகுதியாக நேசித்தான்.

1876 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஓர் இழப்பையும் ஒரு காட்சியையும் கொண்டுவந்தது. அவ்வாண்டின் மார்ச் மாதத்தில் அன்னை மேரி காலமானார். ஜூலை மாதத்தில், தந்தையுடன் டெட்ரோயிற்றுக்குச் செல்லும் வழியில், குதிரை இழுக்காமல் தன் வலிமையாலேயே நகர்ந்து வந்த ஒரு நீராவி வண்டியைச் சிறுவன் கண்டான். வண்டி நிற்பதற்குள் குதித்திறங்கி ஓடி, அதனை ஓட்டி வந்தவரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். அந்நாளை அவர் முதுமையிலும் மறந்தாரில்லை. அக்காலத்திலேயே அண்டை வீட்டாரின் கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டும் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது.

பதினாறாம் வயதில் டெட்ரோயிற்றின் பட்டறைகளில் தொழில் பழகச் சென்றார். 1888 இல் கிளாரா என்னும் நங்கையை மணந்தார். எடிசன் பெயரால் இயங்கிய மின்னொளி நிறுவனத்தில் 1891 இல் பொறியியலாளராகச் சேர்ந்தார். பகலில் மின்சாரம், இரவில் வீட்டுக் கொட்டிலில் பெற்றோல் இயந்திரம். 1896 ஜூன் 4 ஆம் திகதி விடியுமுன் அவருடைய முதல் வண்டி முற்றுப்பெற்றது. சைக்கிள் சில்லுகள் நான்கின்மேல் ஓர் இருக்கை. அதன் அடியில் இரு சிலிண்டர் கொண்ட சிறு இயந்திரம். ஆனால் வண்டியை வெளியே எடுக்கக் கொட்டிலின் கதவு போதவில்லை. கோடரியை எடுத்துச் செங்கற் சுவரை உடைத்து வழி செய்தார். தடையைக் கண்டால் அதனைச் சுற்றிப் போகாமல் உடைத்துக்கொண்டு போகும் அவர் இயல்பு அன்றே வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே எடிசனை நேரிற் கண்டு அவரது ஊக்கமொழியையும் பெற்றார்.

முதலில் தொடங்கிய நிறுவனம் 1901 இல் கலைந்தது. இரண்டாவதிலிருந்து அவரே 1902 இல் விலகினார். அதுவே பின்னர் காடிலாக் என்னும் புகழ்பெற்ற நிறுவனமாயிற்று. 1903 ஜூன் 16 ஆம் திகதி தொடங்கிய மூன்றாவதே போர்ட் மோட்டார் நிறுவனம். 28,000 டொலர் ரொக்கத்துடன் ஆரம்பித்த அதன் வங்கிக் கணக்கில், ஒரு மாதத்துக்குள் இருநூற்றுச் சொச்ச டொலரே எஞ்சியிருந்தது. அந்நிலையில் சிக்காகோவின் பல்வைத்தியர் ஒருவர் 850 டொலர் அனுப்பி முதல் வண்டியை வாங்கினார். உலகெங்கும் கிளைத்த ஒரு பெருந்தொழில் அந்த ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கையில் பிழைத்தது.

தகர வண்டியும் அதன் சொந்தக்காரரும்

1908 அக்டோபரில் வெளிவந்த 'ரி' மாதிரி வண்டியே போர்டின் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது. இருபது குதிரை வலு, நான்கு சிலிண்டர், வனேடியம் கலந்த வலிய உருக்கு, சேற்றிலும் கல்லிலும் தட்டாமற் செல்லும்படி நிலத்திலிருந்து உயர்ந்த அச்சு. அமெரிக்க நாட்டுப்புறத்தின் அக்காலப் பாதைகள் மழை பெய்தால் குளமாகவும், காய்ந்தால் கட்டாந்தரையாகவும் கிடந்தன. அப்பாதையை அறிந்த உழவர் மகனே இந்த வண்டியைச் செய்திருக்க முடியும்.

அதனை வைத்திருப்பது எளிய காரியமன்று. முன்னே தொங்கும் கைப்பிடியைச் சுழற்றித்தான் இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். தீப்பொறி நெம்பைப் பின்தள்ள மறந்தால் கைப்பிடி எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். காலடியில் மூன்று மிதிகள் உண்டு: ஒன்று வேகம் மாற்ற, ஒன்று பின்னோக்கிச் செலுத்த, ஒன்று நிறுத்த. எரிபொருள் தொட்டியிலிருந்து தன் பாரத்தால் வழிந்தே இயந்திரத்தை அடையும் அமைப்பாதலால், செங்குத்தான மேட்டில் முன்னோக்கி ஏறினால் இயந்திரம் நின்றுவிடும். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேடேறுவது அதன் சொந்தக்காரருக்கு வழக்கமாயிற்று. அதனைத் தகர வண்டி என்று ஊரார் நகையாடினர். நகையாடியவர்களே அதனை வாங்கவும் செய்தனர்.

ஏன் வாங்கினர்? விலை மலிவு என்பது ஒரு காரணம். 1908 இல் 850 டொலராக இருந்த விலை, 1920களின் நடுவில் மிகச் சிறிய வகைக்கு 260 டொலராக இறங்கியது. அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவ்வண்டி பழுதுற்றால் அதன் சொந்தக்காரரே திருத்தலாம். குறடும் திருப்புளியும் ஒரு துண்டுக் கம்பியும் கையில் இருந்தாற் போதும். நம் ஊர் வண்டிக்காரர் அச்சாணி கழன்றால் தாமே பூட்டிக்கொள்வது போல, அமெரிக்க உழவரும் தம் வண்டியின் உள்ளும் புறமும் அறிந்திருந்தார். பின்சில்லைக் கிளப்பி நிறுத்தி அதில் வாரைப் பூட்டி விறகு அறுத்தார்; தண்ணீர் இறைத்தார்; தானியம் அரைத்தார். தனித்த பண்ணைகளில் ஆண்டுக் கணக்கில் அயல்முகம் காணாது வாழ்ந்த இல்லத்தரசிகள் போர்டுக்கு நன்றிக் கடிதங்கள் எழுதினர். விலை கொடுத்து வாங்கிய பொருள் அனைத்தும் உடைமையாகிவிடுவதில்லை. தன் கையால் திருத்தி ஆளத்தக்க பொருளே ஒருவனுக்கு உண்மையான உடைமை. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட அவ்வண்டிகள் அந்தப் பாடத்தை ஊரெங்கும் பரப்பின எனலாம்.

ஐந்து டொலர்

இத்தனை வண்டிகளை மலிவாகச் செய்ததன் இரகசியம் யாது? தொழிலாளி பொருளைத் தேடிச் செல்லாமல் பொருள் தொழிலாளியைத் தேடி வரும்படி செய்ததே. 1913 இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பூட்டுவரிசை அமைந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை அடுத்த ஆண்டில் 93 நிமிடத்தில் முடிந்தது. ஆனால் ஒரே திருகாணியை நாள் முழுதும் முறுக்கும் வேலையை மனிதர் வெறுத்தனர். வந்தவர் நிலைக்காமல் போய்க்கொண்டேயிருந்தனர்.

1914 ஜனவரி 5 ஆம் திகதி போர்ட் உலகை வியப்பில் ஆழ்த்தினார். ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டொலராக இருந்த நாட்கூலி, எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டொலராயிற்று. கடுங்குளிரில் ஆயிரமாயிரம் பேர் வாயிலில் திரண்டனர். சில நாள்களில், நெருக்கித் தள்ளிய அக்கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கலைத்தனர். ஈகையும் ஈரமின்மையும் ஒரே வாயிலில் நின்ற காட்சி அது. ஐந்து டொலர் முழுவதையும் பெறத் தொழிலாளி குடியாதவனாகவும் சிக்கனமுள்ளவனாகவும் இருத்தல் வேண்டும் என விதித்து, அவன் வீட்டுக்குள் சென்று விசாரிக்க ஆட்களையும் நியமித்தனர். கூலியை உயர்த்திய கை அவன் கதவையும் தட்டியது.

இறப்பர் மரத்தின் பழைய கதை

ஈழநாட்டவரான நாம் போர்டின் வரலாற்றைத் தூரத்து வரலாறாக எண்ணுதல் தவறு. அவருடைய சில்லுகளுக்கு வேண்டிய இறப்பர் நம் மண்ணோடும் தமிழ்த் தொழிலாளர் வியர்வையோடும் தொடர்புடையது. 1876 இல் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுசென்ற விதைகள் இலண்டனில் முளைத்து, அவ்வாண்டிலேயே நாற்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தன. இலங்கையிலும் மலாயாவிலும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கைகள் விடியற்காலையில் அம்மரங்களைக் கீறிப் பால் எடுத்தன.

1922 இல் இவ்விரு நாடுகளின் இறப்பர் ஏற்றுமதியை ஆங்கில அரசு கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியபோது போர்ட் பொறுக்கவில்லை. 1927 இல் அதே தபாஜோஸ் ஆற்றங்கரையில் மிகப்பெரும் காட்டு நிலத்தைப் பெற்று, தம் பெயராலேயே ஒரு நகரை எழுப்பினார். காட்டில் விலகி விலகி வளரும் மரங்களை நெருக்கி நட்டமையால் இலைக்கருகல் நோய் தோட்டத்தைத் தின்றது. அயல்நாட்டு உணவையும் தொழிற்சாலை மணியையும் திணித்தமையால் தொழிலாளர் 1930 டிசம்பரில் கிளர்ந்தெழுந்து நேரம் பதியும் கடிகாரங்களையே உடைத்தெறிந்தனர். ஏறத்தாழ இரண்டு கோடி டொலர் செலவழிந்த அக்காடு 1945 இல் அற்ப விலைக்குப் பிரேசில் அரசிடம் திரும்பியது. போர்ட் அதனை ஒருநாளும் சென்று பார்த்தவரல்லர். கடிகாரத்தை நேசித்த சிறுவன் முதுமையில், கடிகாரத்துக்கு அடங்காத மரத்தையும் மனிதரையும் அறிய மறுத்தான்.

செவிசாயாத முதுமை

அறிய மறுத்தது அங்கு மட்டுமன்று. 1912 இல் அவர் ஐரோப்பா சென்றிருந்த வேளை, தொழிற்சாலையார் 'ரி' மாதிரியைத் திருத்தி ஒரு புதிய சிவப்பு வண்டி செய்திருந்தனர். திரும்பி வந்தவர் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவைப் பிய்த்தெறிந்து கண்ணாடியையும் உடைத்தார். அதன்பின் நெடுங்காலம் எவரும் வாய் திறக்கவில்லை. செவ்ரோலே வண்டியோ பல நிறங்களிலும் தவணை முறையிலும் வந்து வாங்குவோரைக் கவர்ந்தது. 1927 மே மாதத்தில் 'ரி' மாதிரியை நிறுத்தும் நிலை வந்தது. மாதக்கணக்கில் தொழிற்சாலை மூடிக் கிடக்க, ஆயிரக்கணக்கானோர் வேலையின்றித் தவித்தனர்.

அவர் வாழ்வின் மிக இருண்ட பக்கம் வேறு. 1920 முதல் தம் செய்தித்தாளில் யூதர்மீது வெறுப்பை விதைத்தார். 1927 இல் மன்னிப்புக் கேட்டாராயினும், 1938 இல் நாசி ஜெர்மனியின் விருதை ஏற்றார். தொழிற்சங்கத்தை அடியாட்களைக் கொண்டு எதிர்த்தார். 1932 மார்ச்சில் வேலை கேட்டு ஊர்வலமாக வந்தோர்மீது அவர் தொழிற்சாலை வாயிலில் துப்பாக்கி வெடித்தது. நால்வர் அவ்விடத்தே வீழ்ந்தனர். 1941 இல்தான் சங்கத்தை ஒப்புக்கொண்டார். இவற்றை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறாகாது.

அவ்வாண்டிலேயே காந்தியடிகளுக்கு மரியாதை தெரிவித்து ஒரு மடல் எழுதினார் என்பது வியப்புக்குரியது. அடிகள் தம் கையொப்பமிட்ட இராட்டை ஒன்றை அவருக்கு அனுப்பினார். பேரியந்திரத்தின் தந்தைக்கு இயந்திரத்தை ஐயுற்றவர் அளித்த பரிசு அது. ஆயினும் இராட்டைக்கும் பழைய 'ரி' வண்டிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டும் எளியவன் தன் வீட்டில் வைத்துத் தானே திருத்தி இயக்கத்தக்கவை. போர்ட் தம் இளமையை அதிற் கண்டாரோ என எண்ணத் தோன்றுகிறது.

ஒரே மகன் எட்செல், 1919 முதல் நிறுவனத்தின் தலைவர். ஆனால் பெயரளவில் மட்டுமே. மென்மையும் கலையுணர்வும் கொண்ட அவருடைய முடிவுகளைத் தந்தை பிறர் முன்னிலையிலேயே மாற்றினார். 1943 மே 26 ஆம் திகதி, நாற்பத்தொன்பதாம் வயதில், வயிற்றுப் புற்றுநோயால் எட்செல் இறந்தார். எண்பது வயதை நெருங்கிய தந்தை மகனின் நாற்காலியில் மீண்டும் அமர்ந்தார். மூப்பு அவரை அதில் நெடுநாள் இருத்தவில்லை. 1945 இல் பேரனிடம் பொறுப்பு சென்றது.

1947 ஏப்ரல் மாதத்தில் டியர்போர்னில் பெருமழை பெய்தது. வீட்டருகே ஓடிய ரூஜ் ஆறு பெருகி, அவர் வீட்டின் மின்னிலையத்தை மூழ்கடித்தது. விளக்குகள் அணைந்தன, தொலைபேசியும் செயலிழந்தது. 7 ஆம் திகதி இரவு, மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த அறையில், மனைவியின் அருகே அவர் உயிர் பிரிந்தது. வைத்தியரை அழைக்கத் தொலைபேசி தேடி ஒருவர் இருளில் வண்டியோட்டிச் செல்ல வேண்டியிருந்தது. வைத்தியர் வந்துசேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. உலகின் தூரத்தைக் குறைத்த மனிதரின் கடைசி இரவிலும், நீர் பெருகியபோது, ஒரு தூரம் குறுக்கே நின்றது.

வண்டி செய்வது ஒருவரால் ஆகலாம். பாலம் கட்டுவதற்கோ பலர் கூட வேண்டும். முன்னதை உலகிற் பலரினும் நன்றாகச் செய்த ஹென்றி போர்ட் பின்னதைக் கற்காமலே மறைந்தார். நீர் சூழ்ந்த ஊரிலிருந்து அவர் வாழ்வைப் படிக்கும் நாம் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நன்று.