பெர்ல் பக் அம்மையாரும் அவர்தம் மகளும்

சீன உழவர் வாழ்வை ‘நல்ல நிலம்’ என்னும் நவீனத்திற் புனைந்து உலகப் புகழ் எய்தியவர் பெர்ல் பக் அம்மையார். அவர் இடையறாது எழுதியதன் காரணங்களுள் ஒன்றை அறிந்தார் சிலரே.

1892ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிற் பிறந்த அம்மையார், பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகளாகிய பெற்றோருடன் சில திங்களிலேயே சீனம் சேர்ந்தார். 1917இல் வேளாண்மை வல்லுநர் லாஸிங் பக் என்பாரை மணந்தார். 1920இல் கேரல் என்னும் பெண்மகவு பிறந்தது. அழகிய குழந்தை, ஆயினும் ஆண்டு மூன்றாகியும் பேச்சு வரவில்லை. தாய் அதனை ஏந்தி மருத்துவர் பலரிடம் அலைந்தார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஒருவர் நயமாகப் பேசி நம்பிக்கை ஊட்டினார். மற்றொருவரோ இம்மகவு ஒருநாளும் தேறாதென ஒளியாது உரைத்தார். கடுஞ்சொற் கூறிய அவருக்கே அம்மையார் பின்னாளில் நன்றி பாராட்டினார்.

1929இல் மகளை நியூஜெர்சியின் வைன்லாந்துப் பயிற்சிப் பள்ளியில் விட்டுப் பிரிந்தார். அச்செலவிற்கென மிஷன் சங்கத்தார் ஒருவரிடம் 2,000 டாலர் கடன் பெற்றார். மகளை வாழ்நாள் முழுதும் காக்கும் பொருளை எழுதுகோலால் ஈட்டத் துணிந்தார். 1931இல் ‘நல்ல நிலம்’ வெளிவந்தது. 1938இல் நோபெல் பரிசும் கிட்டியது.

கேரலைப் பற்றிய பிணி பினைல்கீட்டோனூரியா என்பது நெடுங்காலத்தின் பின்னரே தெரியலாயிற்று. உண்ணும் புரதம் செரித்துப் பலவகை அமினோ அமிலங்களாகப் பிரியும். அவற்றுள் பினைலலனின் என்பதை மாற்றவல்ல நொதி இப்பிணியாளர் ஈரலிற் குறைபடுதலின், அது குருதியில் மிகுந்து இளமூளையைக் கெடுக்கும். பெற்றோர் இருவரும் நலமுற்றிருப்பினும், இருவர் வழியாகவும் மறைந்து வந்த குறை மகவினிடத்து வெளிப்படும். உயிர் வளர்க்கும் பாலே அறிவிற்கு நஞ்சாதல் எத்துணைக் கொடிது! 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் இதனைக் கண்டறிந்தபோது கேரலுக்கு வயது 14.

1951இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிக்கெல் முதலிய மூவர் பாற்புரதத்தைச் சிதைத்து, கரியினாற் பினைலலனினை நீக்கி, எஞ்சியதை இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றற்கு ஊட்டினர். முனகித் தலையை மோதிக்கொண்டிருந்த அக்குழந்தை சில திங்களில் தவழ்ந்தது, எழுந்து நின்றது, கண்கள் ஒளி பெற்றன. இன்று பினைலலனின் அற்ற அமினோ அமிலக் கலவை புரதத்திற்கு ஈடாகப் பொடியாகவும் பானமாகவும் கிடைக்கின்றது. இறைச்சி, முட்டை, பருப்பு முதலியன விலக்கி, ஏனைய உணவையும் அளந்தூட்டி, பிறந்த சின்னாட்களிலேயே இதனைத் தொடங்கின் குழந்தை பிறரைப் போற் கற்று வளரும். கேரலோ அப்போது 31 வயதினள். கெட்ட மூளையை எவ்வுணவு மீட்கும்?

அதற்கு ஓராண்டு முன்னர், 1950இல், அதுகாறும் உலகறியாது வைத்திருந்த மகள் வரலாற்றை ‘வளராத குழந்தை’ என்னும் பொருள்படும் சிறு நூலாக அம்மையார் வெளியிட்டார். இத்தகைய மக்களைப் பெற்று நாணி ஒடுங்கியிருந்தோர் பலர் அவருக்குக் கடிதம் வரைந்தனர். நோபெல் பரிசினும் இச்சிறு நூலையே யான் பெரிதாக மதிப்பேன்.

அம்மையார் 1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் மறைந்தார். கேரல் 1992 வரை வைன்லாந்தில் வாழ்ந்தாள்.